இரண்டாவது பீட்டர்

ஒரு நாயகனின் முகத்தை மாற்ற எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? ஐந்து ஆண்டு போதும் என்று சோனி நிறுவனம் நினைத்தது. போதாது என்று ரசிகர்கள் நினைத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல நடிகர் சிக்கிக்கொண்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சாம் ரைமி இயக்கி டோபி மெக்வயர் நடித்த மூன்றாவது ஸ்பைடர்மேன் 2007-இல் வந்தது. ஒரே படத்தில் மூன்று வில்லன்களைத் திணித்ததில் பலருக்கும் மனத்தாங்கல் இருந்தது. நான்காவதில் ரைமி எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தோம். 2010 ஜனவரியில் அந்த நம்பிக்கை போயிற்று. நான்காவது படம் கிடையாது. ரைமியும் இல்லை, மெக்வயரும் இல்லை. பீட்டர் பார்க்கர் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போவான். மறுபடியும் சிலந்தி கடிக்கும். மறுபடியும் பென் அங்கிள் தெருவில் சுடப்பட்டுச் சாவார். எல்லாம் 2012-இல், வேறு முகங்களோடு. இயக்குநர் மார்க் வெப், அதற்கு முன்பு முழுநீளப் படமாக ஒரே ஒரு காதல் கதைதான் எடுத்திருந்தார். 2010 ஜூலையில் நடிகரின் பெயரும் வெளியானது: ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். யார் இவர் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி, அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் என்னோடு இருந்தவன் மதுரைக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாரதி சாலை நடைபாதையில் விரிக்கும் பழைய புத்தகக் கடைகளில் குந்தி உட்கார்ந்து, வாரப்பத்திரிகைகளுக்கும் பாடப்புத்தகங்களுக்கும் அடியிலிருந்து அமெரிக்கக் காமிக்ஸ்களை உருவி எடுப்பான். அட்டை கிழிந்திருந்தாலும் விடமாட்டான். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தான். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் உருவாக்கிய அந்தப் பையனைப் பற்றி அவனுக்குத் தெரியாதது என்று எதுவும் இருந்ததில்லை.

அவனுக்கு ரைமி மீதே பழைய கோபம் ஒன்று உண்டு. காமிக்ஸில் பீட்டர் ஏழை, ஆனால் மூளைக்காரன். வலை நூலுக்கான ரசாயனத்தைத் தானே தயாரித்து, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவியையும் தானே செய்துகொள்வான். 2002-இல் வந்த படத்தில் ரைமி அந்தக் கருவியை எடுத்துவிட்டு, மணிக்கட்டிலிருந்தே வலை சுரப்பதாக வைத்துவிட்டார். அமெரிக்காவில் காமிக்ஸ் வாசகர்கள் அதை எதிர்த்துக் கூச்சல் போட்டார்கள். அறைத்தோழனும் பத்து வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தான். புதுப் படத்தில் அந்தக் கருவி திரும்ப வருகிறது என்று காட்டும் புகைப்படங்கள் வெளியானதும் அவன் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு, “இதை டோபி கையில கட்டிவிட்டிருக்கலாம்ல, மாப்ள” என்றான். பத்து வருடம் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவன் கேட்டது இந்தக் கைக்கு இல்லை.

அந்தச் சொல்லில்தான் ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. புதுப் படம் எப்படி இருக்கும் என்பது அவர்களுடைய பிரச்சினையே இல்லை. முடியாமல் நின்றுபோன ஒன்றுக்காக அவர்கள் வருந்திக்கொண்டிருந்தார்கள். வேலைக்காக வெளியூர் போன அண்ணன் திரும்புவதற்குள் அவன் சட்டையை எடுத்துத் தம்பிக்குப் போட்டுவிட்டால் வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. சட்டை பொருந்துகிறதா என்று எவரும் பார்க்கவில்லை.

நான் ஒருநாள் பில்லாவை எடுத்துக்காட்டினேன். 1980-இல் ரஜினி நடித்ததை 2007-இல் அஜித் நடிக்கவில்லையா, தியேட்டரில் கொண்டாடவில்லையா? அறைத்தோழன் யோசிக்கவே இல்லை. “நடுவுல இருபத்தேழு வருஷம் விட்டாங்கள்ல!” என்றான். நியாயமான பதில். இருபத்தேழு ஆண்டில் ஒரு தலைமுறை தன் நாயகனோடு வாழ்ந்து முடித்துவிடுகிறது. ஐந்தாண்டு அதற்குப் போதாது.

பக்கத்து அறையில் கணக்கர் வேலை பார்த்த ஓர் அண்ணன் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். எங்கள் சண்டைகளை மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பார். அவர் நெஞ்சில் இருந்த ஸ்பைடர் வேறு ஆள். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த அந்த ஸ்பைடர், 1965-இல் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை ஒன்றில் பிறந்தவன். கூரான காதும் வலைத் துப்பாக்கியும் கொண்ட அவன், குற்ற உலகத்துக்கே அரசனாகத் துடித்து, பின்னால் குற்றவாளிகளையே வேட்டையாடியவன். “உங்களுக்காவது ஆள மாத்தி ஆள போடுறாங்க தம்பி. எங்க ஸ்பைடரை யாரும் படமே எடுக்கலையே” என்றார் ஒருமுறை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஏக்கத்தை நான் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அவர் சொன்ன ஸ்பைடரைப் படித்துத்தான் வளர்ந்தார்கள். அவர்களுடைய அன்புக்கு எந்த ஸ்டுடியோவும் பதில் சொன்னதில்லை.

என் மெக்வயர் திருநெல்வேலிக்காரர். அப்படித்தான் சொல்ல வேண்டும். 2004-இல் இரண்டாம் படத்தைத் தமிழ் பேசும் பிரதியில் அங்கேதான் பார்த்தேன். எனக்குப் பீட்டரின் குரலே அந்தத் தமிழ்க் குரல்தான். பிறகு ஆங்கிலத்தில் பார்த்தபோது வேறு யாரோ பேசுவது போல இருந்தது. அந்தப் படத்தில் ரயில் காட்சி ஒன்று உண்டு. டாக்டர் ஆக்டோபஸ் ரயிலின் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடுங்கிவிட்டுப் போய்விடுவான். தண்டவாளம் முடியும் இடத்தை நோக்கி ரயில் பாயும். முகமூடி இல்லாத பீட்டர் வண்டியின் முகப்பில் நின்று, இருபுறக் கட்டடங்களிலும் வலையை எறிந்து, மார்பால் அதை நிறுத்துவான். நின்றதும் மயங்கி விழப்போவான். பெட்டிக்குள்ளிருந்து கைகள் நீண்டு அவனைப் பிடித்துக்கொள்ளும். தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துவார்கள். சின்னப் பையன்தானே என்று ஒருவர் வியப்பார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்பார்கள்.

எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படம் எந்த ஊர்க் கதை என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒரு பிள்ளையை ஊரே கூடித் தாங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள நியூயார்க்கைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மெக்வயரின் சோர்ந்த கண்களை நாங்கள் நேசித்தது அதனால்தான். வாடகை பாக்கி, வேலை போய்விட்டது, வகுப்புக்குத் தாமதம், விரும்பிய பெண்ணின் நாடகத்துக்குக்கூட நேரத்துக்குப் போக முடியவில்லை. இத்தனைக்கும் நடுவில் ஊரைக் காப்பாற்றவும் வேண்டும். பறப்பதைவிட அந்த அலைச்சல்தான் எங்களுக்கு நெருக்கம்.

ஆகவே ரசிகர்களின் கோபத்தில் நான் அந்நியன் இல்லை. அந்தத் துக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் 2011 ஜூலையில் நடந்த ஒன்று என்னை அவர்களிடமிருந்து பிரித்துவிட்டது. சான் டியாகோவில் ஆண்டுதோறும் நடக்கும் காமிக்-கான் விழாவில் புதுப் படத்தைப் பற்றிய கூட்டம். கேள்வி கேட்க வரிசையில் நின்றவர்களில், கடையில் வாங்கும் மலிவான ஸ்பைடர்மேன் உடுப்பும் முகமூடியும் போட்ட ஒருவர் ஒலிபெருக்கி முன் வந்தார். ரசிகர்களில் ஒருவர் போலிருக்கிறது என்று கூட்டம் நினைத்தது. முகமூடியைக் கழற்றினார். கார்ஃபீல்ட். கையில் வைத்திருந்த தாளைப் பார்த்து, ஒல்லிப் பிள்ளையாக வளர்ந்த தனக்கு ஸ்பைடர்மேன் எவ்வளவு துணையாக இருந்தான் என்று படித்தார். குரல் தடுமாறியது.

அந்தக் காணொளியை அச்சகத்தில் வேலை முடிந்தபின் கணினியில் பார்த்தேன். இவர் மேடையிலிருந்து வரவில்லை, எங்கள் வரிசையிலிருந்து வந்தவர் என்று உடனே தோன்றியது. அறைத்தோழனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நடிக்கிறாப்ல. அதுக்குத்தான சம்பளம்” என்று போய்விட்டான். இருக்கலாம், விளம்பரக் கூட்டம்தான். ஆனால் தாளைப் பிடித்திருந்த கையின் நடுக்கத்தை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். தான் நேசித்தவனின் வேடம் தனக்கே கிடைத்தால் ஒருவனுக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் அதிகமாக வரும்.

2012 ஜூன் 29, வெள்ளிக்கிழமை, ‘தி அமேஸிங் ஸ்பைடர்மேன்’ இந்தியாவில் வெளியானது. அமெரிக்காவில் ஜூலை 3-இல்தான். அவர்களுக்கு முன்னால் நாங்கள் பார்க்கிறோம் என்பதிலேயே மேன்ஷனில் பாதிப் பேருக்கு உற்சாகம். அண்ணா சாலை வரை நடந்தே போனோம். கணக்கர் அண்ணனும் வந்தார்.

அந்தக் காட்சியில் நான் திரையைப் பார்த்ததைவிடச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தது அதிகம். முதல் அரைமணி நேரம் யாரும் வாயே திறக்கவில்லை. தெரிந்த கதையை மறுபடி கேட்க உட்காரவைத்தால் வரும் பொறுமையின்மை அரங்கம் முழுக்கப் பரவியிருந்தது. பீட்டர் ஸ்கேட்போர்டில் பள்ளி நடைபாதையில் வழுக்கிக்கொண்டு போனதும் எங்கள் வரிசையில் ஒருவன், “இவன் என்ன ஹீரோ மாதிரியே இருக்கான்?” என்றான். அது குற்றச்சாட்டு. பீட்டர் சக்தி கிடைப்பதற்கு முன் ஒதுங்கிப் பதுங்கும் பையனாக இருக்க வேண்டும் என்பது ரசிகர்களின் சட்டம். பென் அங்கிளாக மார்ட்டின் ஷீன் வந்தார். சக்தியையும் பொறுப்பையும் சேர்த்துச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் அதே கருத்தைச் சுற்றிவளைத்து வேறு சொற்களில் சொல்லிவிட்டுப் போனார். அறைத்தோழன் நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கித் தட்டினான்.

இர்ஃபான் கான் திரையில் வந்ததும் விசில் பறந்தது. ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படத்தில் நம்மூர் நடிகர் ஒருவர் கோட்டும் சூட்டுமாக அதிகாரத்தோடு வருவதைப் பார்ப்பது அன்று பெரிய விஷயம். ஆனால் பாலத்துச் சண்டைக்குப் பிறகு அவர் திரையில் வரவே இல்லை. பிழைத்தாரா, செத்தாரா என்றுகூடப் படம் சொல்லவில்லை. “அவரை எங்கப்பா விட்டுட்டு வந்தாங்க?” என்று பின்வரிசையில் ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டார். அந்தக் கோபத்தில் எனக்கும் முழு உடன்பாடு. அவ்வளவு பெரிய கலைஞனைக் கூட்டிவந்து பாலத்தில் நிறுத்திவிட்டுப் போவது ரசிகர்களை மதிக்கிற வேலை இல்லை. பீட்டரின் பெற்றோர் பற்றி இதுவரை சொல்லாத கதை என்று விளம்பரத்தில் ஆசைகாட்டியதும் அப்படித்தான். படத்தில் அதைப் பாதியில் விட்டுவிட்டார்கள்.

அதே பாலத்தில்தான் படம் எனக்குத் திறந்துகொண்டது. எரியும் கார் ஒன்று வலையில் தொங்குகிறது. உள்ளே ஒரு சிறுவன் அழுதுகொண்டிருக்கிறான். ஸ்பைடர்மேன் தன் முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்டுகிறான். நானும் உன்னைப் போல ஒரு சாதாரண ஆள்தான் என்று புரியவைக்கிறான். பிறகு அந்த முகமூடியை அவனுக்கே கொடுத்து, போட்டுக்கொண்டால் பலம் வரும், ஏறி வா என்கிறான். பையன் போட்டுக்கொண்டு ஏறுகிறான். ரைமியின் ரயிலில் சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே அவனாகவே எடுத்துக் கொடுக்கிறான்.

அந்தச் சிறுவனின் அப்பா பளுதூக்கி ஓட்டுபவர். கடைசியில் பீட்டர் காலில் குண்டடிபட்டு நொண்டிக்கொண்டு, எட்டவே முடியாத தூரத்தில் இருக்கும் ஆஸ்கார்ப் கோபுரத்தைப் பார்க்கும்போது, அவர் மற்ற ஓட்டுநர்களை எல்லாம் அழைக்கிறார். அவென்யூ நெடுக நிற்கும் பளுதூக்கிகள் ஒவ்வொன்றாக நீண்ட கையைத் தெருவுக்கு மேலே திருப்பி வரிசையாக நிற்கின்றன. அவன் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போகிறான். இது மிகை, நம்பும்படி இல்லை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அந்த ரயில் காட்சிக்குக் கூடப்பிறந்தது. உழைப்பாளிகள் தங்களால் முடிந்த ஒரே வேலையைத் தங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்காகச் செய்கிறார்கள். அன்று அரங்கில் அதுவரை கேட்காத கைதட்டல் அந்த இடத்தில் கேட்டது. கணக்கர் அண்ணன் தட்டினார். அறைத்தோழன் தட்டவில்லை. ஆனால் அசையாமல் பார்த்தான்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றதும் குற்றப்பட்டியல் தொடங்கியது. பல்லி வில்லனுக்குக் காமிக்ஸில் இருப்பதுபோல நீண்ட மூக்கு இல்லை. உடுப்பின் கண்கள் மஞ்சள். டேனி எல்ஃப்மனின் இசை இல்லை. பத்திரிகை ஆசிரியர் ஜேம்சனையே காணோம். அதே கதையை எதற்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டும்? நான் எமா ஸ்டோனைப் பற்றிச் சொன்னேன். அவரும் கார்ஃபீல்டும் பள்ளி நடைபாதையில் ஒருவரையொருவர் வெளியே அழைக்கத் தெரியாமல் திக்கித் திணறும் காட்சியில் இருந்த உயிர், ரைமியின் மூன்று படங்களின் காதலிலும் இருந்ததில்லை. இதைச் சொன்னதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் என்மேல் பாய்ந்தார்கள். அந்தப் படங்களின் காதலியான மேரி ஜேனைக் குறைத்துப் பேசுவது அவர்களுக்கு மெக்வயரையே குறைத்துப் பேசுவதாகப் பட்டது. கணக்கர் அண்ணன் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, “படம் நல்லாத்தாம்ப்பா இருக்கு. உங்களுக்குத்தான் மனசு வரல” என்றார். நான் கேட்ட விமர்சனங்களில் அதுதான் சரியானது. உலகம் முழுக்க எழுபத்தைந்து கோடி டாலருக்கு மேல் அந்தப் படம் வசூலித்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் இதே நிலையில்தான் இருந்திருப்பார்கள்: பிடித்திருந்தது, ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

மனம் வராததற்கு முன்கதை எதுவும் இல்லாத ஒருவனை அடுத்த வாரம் அதே படத்துக்குத் தமிழில் கூட்டிப்போனேன். தாம்பரத்தில் இருக்கும் என் அக்கா மகன். அப்போது ஆறு வயது. அவன் பிறந்ததே மெக்வயர் காலம் முடியும் நேரத்தில். கார் தொங்கும் காட்சியில் என் கையை இறுக்கிப் பிடித்தவன், முகமூடி கைமாறியதும் நாற்காலியில் ஏறி நின்றுவிட்டான். வெளியே வந்ததும் முகமூடி வாங்கித் தரச் சொன்னான். வாங்கித் தந்தேன். பல் டாக்டரிடம் போகும்போதும் ஊசி போடப் போகும்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனான் என்று அக்கா சொல்வாள். படத்தில் பீட்டர் அந்தப் பையனிடம் சொன்னதை அவன் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டான். நான் பழைய படத்தைப் போட்டுக் காட்டியபோது கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “இவர் யாரு மாமா? ஸ்பைடர்மேன் எப்ப வருவாரு?” என்று கேட்டான். நாங்கள் கார்ஃபீல்டிடம் கேட்ட அதே கேள்வியை அவன் மெக்வயரிடம் கேட்டான்.

2014 மே 1-இல் இரண்டாம் படம் வந்தது. வெள்ளைக் கண் பெரிதாக இருந்த புது உடுப்பைக் காமிக்ஸ் ரசிகர்கள் ஒருமனதாகப் பாராட்டினார்கள். கதையைப் பாராட்ட வழியில்லை. எலக்ட்ரோ, கிரீன் காப்ளின், ரைனோ என்று ரைமியின் மூன்றாம் படத்தின் அதே நெரிசல். அடுத்தடுத்த படங்களுக்கு விதை தூவும் அவசரத்தில், நடந்துகொண்டிருக்கும் படத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு காட்சி அதை மீட்டது. கடிகாரக் கோபுரத்துக்குள் பீட்டரின் காதலி குவென், எமா ஸ்டோன் நடித்தவள், விழுகிறாள். வலை நூல் அவளைத் தொட்டுப் பிடித்துவிடுகிறது. ஆனால் நேரம் கடந்துவிட்டது. 1973-இல் ஜெரி கான்வே எழுதி கில் கேன் வரைந்த இதழில் அவள் இப்படித்தான் செத்தாள். அப்போது அமெரிக்க வாசகர்கள் கொதித்துப்போனார்கள். கல்லூரிகளில் பேசப்போன இடமெல்லாம் ஸ்டான் லீயை மடக்கிக் கேட்டார்கள். அந்த இதழின் மறுபதிப்பு அறைத்தோழனின் பெட்டியில் இருந்தது. ஆனால் அவன் அதற்குள் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். படத்தை அங்கே பார்க்கவில்லை, பார்க்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டான்.

அரங்கில் நாங்கள் இருந்த பக்கம் பெரும்பாலோருக்கு அந்தக் காமிக்ஸ் தெரியாது. எழுந்துவிடுவாள் என்றே காத்திருந்தார்கள். கார்ஃபீல்ட் அவளை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு விடு, மூச்சு விடு என்று கெஞ்சும்போது அவள் மூக்கிலிருந்து வடிந்த குருதியைப் பார்த்து, அவள் எழமாட்டாள் என்று ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டதை என்னால் உணர முடிந்தது. அக்கா மகன் எட்டு வயதில் முதல்முறையாக, நாயகன் தோற்பதைப் பார்த்தான். வீட்டுக்குப் போகும் ரயிலில் தாம்பரம் வரை அவன் பேசவில்லை. இறங்கும்போது, “அடுத்த படத்துல சரியாயிடுவாரா மாமா?” என்றான்.

அடுத்த படம் வரவே இல்லை. 2015 பிப்ரவரியில் சோனியும் மார்வெலும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கார்ஃபீல்ட் விலக்கப்பட்டார். 2016-இல் டாம் ஹாலண்ட் கேப்டன் அமெரிக்கா படத்தில் தலைகாட்டினார். 2017-இல் அவருக்கென்று தனிப் படம் வந்தது. இந்த முறை பழைய ரசிகர்கள் கொதிக்கவில்லை; புதுப் பையனை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். இப்போது நம் கதை சரியான கைக்கு வந்துவிட்டது என்றார்கள். மெக்வயருக்காக அவ்வளவு சண்டை போட்டவர்கள் கார்ஃபீல்டுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் பாதியில் நிறுத்தப்பட்டவர்தான். அவருடைய பீட்டர், காதலியைக் காப்பாற்ற முடியாமல் போனவனாகவே நின்றுவிட்டான். அந்த அநீதி எனக்கு அப்போதும் பொறுக்கவில்லை. ஒரு ரசிகர் கூட்டம் தன் இழப்பை மட்டுமே இழப்பாகப் பார்ப்பது வேதனை தருகிற விஷயம். அக்கா மகன் பள்ளியில் ஹாலண்ட் கட்சிக்கும் மெக்வயர் கட்சிக்கும் நடுவில் ஒற்றை ஆளாக வாதாடிவிட்டு வந்து என்னிடம் புலம்புவான். “நம்ம ஆளை யாரும் கணக்குலயே எடுத்துக்க மாட்டேங்கறாங்க மாமா.”

2021 டிசம்பர் 16, வியாழக்கிழமை. ‘நோ வே ஹோம்’ அமெரிக்காவுக்கு ஒருநாள் முன்னதாக இங்கே வந்தது. கொரோனாவால் மூடிக் கிடந்த அரங்குகள் அப்போதுதான் நிரம்பத் தொடங்கியிருந்தன. மெக்வயரும் கார்ஃபீல்டும் வருகிறார்கள் என்று வதந்தி. இல்லவே இல்லை என்று கார்ஃபீல்ட் மாதக்கணக்கில் ஒவ்வொரு பேட்டியிலும் மறுத்துக்கொண்டிருந்தார். பதினைந்து வயதாகிவிட்ட அக்கா மகன் அந்த மறுப்புகளை வரிக்கு வரி ஆராய்ந்து, பொய்தான் சொல்கிறார் என்று முடிவுகட்டியிருந்தான். காலைக் காட்சிக்கு இருவரும் முகக்கவசத்தோடு போய் உட்கார்ந்தோம்.

பாட்டி வீட்டில் பீட்டரின் நண்பன் நெட், மந்திர மோதிரம் போட்ட கையால் வட்டம் போடுகிறான். வட்டத்துக்கு அப்பால் இருட்டுச் சந்தில் ஓர் உருவம் நிற்கிறது. கண்கள் பெரிய வெள்ளைக் கண்கள். அந்தக் கண்ணின் அளவை வைத்தே அக்கா மகன் அடையாளம் கண்டுவிட்டான். எழுந்து நின்று, “நம்ம ஆளு!” என்று கத்தினான். உருவம் ஓடிவந்து, வட்டத்தைத் தாண்டி, முகமூடியைக் கழற்றியது. அதற்குப் பிறகு வந்த வசனம் எதுவும் எங்கள் காதில் விழவில்லை. 2012-இல் முகம் சுளித்த தலைமுறையும் அந்த அரங்கில் இருந்தது. முப்பதைத் தாண்டியவர்கள், சிலர் பிள்ளைகளோடு. எல்லோரும் நின்றுகொண்டு கத்தினார்கள். மெக்வயருக்கு அடுத்த நிமிடம் கிடைத்த வரவேற்பும் பெரிது. ஆனால் முதல் சத்தம் கார்ஃபீல்டுக்குக் கிடைத்தது. அவரை நிராகரித்தவர்களின் தொண்டையிலிருந்து வந்தது.

படத்தின் பின்பாதியில் ஹாலண்டின் காதலியாக வரும் எம்ஜே சாரத்திலிருந்து விழுகிறாள். ஹாலண்டின் பீட்டர் பாய்கிறான், நடுவழியில் காப்ளின் வந்து அடித்துத் தள்ளிவிடுகிறான். அப்போது கார்ஃபீல்ட் குதிக்கிறார். இந்த முறை எட்டிவிடுகிறார். கைகளில் ஏந்தித் தரையிறங்கி, உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்கிறார். கேட்கும்போதே உதடு கோணி, கண் நிறைகிறது. அவருக்கு ஆறுதல் தேவைப்படுவதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறாள். ஏழரை ஆண்டுக்கு முன் தாம்பரம் ரயிலில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தான்.

ஏன் இவ்வளவு மாற்றம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நடிப்பு கூடிவிடவில்லை, 2012-லும் அவர் இதே உயிரோடுதான் நடித்தார். காலம் ஆற்றிவிட்டது என்பதும் முழுப் பதில் இல்லை. முதல் தடவை அவரை மெக்வயரின் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவரை நேசித்தால் மெக்வயரை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று ரசிகன் பயந்தான். 2021-இல் இருவரும் ஒரே சட்டகத்தில் தோளோடு தோள் நின்றார்கள். தன்னைத் தாழ்த்திப் பேசிய கார்ஃபீல்டை மெக்வயரே விடாமல் தேற்றி, நீ எவ்வளவு உயர்ந்தவன் தெரியுமா என்று சொல்லும்படி வைத்தார்கள். மூத்தவரே சொன்னபிறகு ரசிகனுக்குப் பயம் விட்டுப்போயிற்று. ஸ்டுடியோக்கள் கணக்குப் பார்த்துத்தான் இதைச் செய்திருக்கும். ஆனால் அந்த அரங்கில் பெருகியது கணக்கு இல்லை.

அன்று இரவு ஷார்ஜாவிலிருந்து அறைத்தோழன் அழைத்தான். அவனும் படத்தைப் பார்த்துவிட்டிருந்தான். மெக்வயரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான் என்று நினைத்தேன். “மாப்ள, அந்த ரெண்டாவது படம், நான் பார்க்காம விட்டது, எதுல பார்க்கலாம்?” என்றான். சொன்னேன். மறுநாள் மாலை மறுபடி அழைத்தான். இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்திருந்தான். குவென் விழும் காட்சியில் கில் கேன் வரைந்த கட்டங்கள் அப்படியே கண்ணில் வந்ததாகச் சொன்னான். பளுதூக்கிக் காட்சியை அன்றைக்கே தனக்குப் பிடித்திருந்ததாகவும், கைதட்டினால் டோபிக்குத் துரோகம் பண்ணியது போல ஆகிவிடும் என்று உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னான். பிறகு பல்லியின் மூக்குக்கு வந்தான். அதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்றான். முகத்தைத் தட்டையாக வைத்ததால்தான் உள்ளே இருக்கும் மனிதனின் வேதனை தெரிகிறது என்றேன் நான். “பல்லின்னா பல்லி மாதிரி இருக்கணும் மாப்ள” என்று ஆரம்பித்தான். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் அக்கா மகனும் சேர்ந்துகொள்கிறான், என் பக்கம்.